மழைக்கு மாட்டிய பூட்டு

"நாய் கடிக்குமா?"

ஆட்டோவை விட்டு இறங்காமலே கேட்டான் றொனால்ட். கேட்டுக்கு அந்தப் பக்கம் கன்றுக்குட்டி மாதிரி ஒரு நாய் நின்றுகொண்டு, அவனுடைய வலது தொடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேஜரா? சேச்சே, சாதுவானவன்," என்றார் வீட்டுக்காரர் லியனார்ட். "என்ன, வாயில எது கிடைச்சாலும் முழுங்கிருவான். போன மழைக்காலத்துல இவனைக் குளிப்பாட்டுற சவக்காரத்தையே முழுசாத் தின்னுட்டான்னா பாருங்களேன்!"

"அப்ப குரைச்சா நுரை வருமா ஐயா?"

"றொனால்ட், இறங்கு," என்றாள் பின்சீட்டிலிருந்த யூஜினா.

இறங்கினான். யூஜினா அக்கா ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவது நல்லது. பொலிசில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, ஊரில் உள்ளவர்களின் பொய்களையெல்லாம் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி மாற்றி அலுத்துப்போனவள் அவள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் 'விசாரணை' என்று போர்டு மாட்டினாள். படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் பதுளை ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் வருகிறார்கள். மீதிப்பேருக்காக அவள் வெளியே கிளம்பும்போது றொனால்டின் ஆட்டோதான் வாகனம், றொனால்டின் வாய்தான் தொல்லை.

"எவ்வளவு பார்த்தாலும் ஒண்ணுதான் மிஸ்," என்று முன்னால் நடந்தார் லியனார்ட். "மாடிப் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டது அந்தப் பொண்ணு ஜெனிதாதான். ஜனவரியில லொக் வாங்கி மாட்டினேன்னு அவளே சொல்றா. அதே லொக்! நெருப்புல மாட்டி மூணு உயிர் போயிருக்கும். நல்லவேளை, நான் இருந்தேன். ஒரே உதை!"

உதையைக் காட்டக் காலைத் தூக்கினார். இடுப்பு பாதியில் பிடித்துக்கொண்டது. மெதுவாக இறக்கிக்கொண்டார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை பகலில் சமையலறைத் திரை கேஸ் குக்கரில் பட்டுப் பற்றிக்கொண்டது. மாடியிலிருந்து முன்படிக்குப் போகிற வழி அந்தச் சமையலறையை ஒட்டித்தான். அப்போது மேலே இருந்தவர்கள் லியனார்ட், அவர் மனைவி தெரேசா, பின்னறையில் வாடகைக்கு இருக்கிற ஜெனிதாவின் அம்மா. பின்படிக்கு ஓடினால் கதவு பூட்டு. லியனார்ட் பெண்கள் இரண்டு பேரையும் பின்னறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, தனியாகப் போய்க் கதவை உதைத்துத் திறந்து, எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார். மறுநாள் பூசையில் ஃபாதர் அவருடைய பேரைச் சொல்லிப் பாராட்டினார். அன்று முதல் லியனார்ட் ஒரு காலைத் தூக்கியபடியேதான் டவுனில் நடக்கிறார் என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு.

இன்று பின்னேரம் நகரசபையிலிருந்து அதிகாரி வரப்போகிறார். தப்பிப் போகிற வழியை ஜெனிதா பூட்டினாள் என்று அவர் எழுதிவிட்டால் அவ்வளவுதான். ஜெனிதாவும் அம்மாவும் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். அதற்குப் பிறகு பொலிஸ் வேறு. அதனால்தான் ஜெனிதா காலையிலேயே 'விசாரணை'க்குப் படியேறியிருந்தாள்.

பின்னறையில் ஜெனிதா ஏற்கெனவே ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். கட்டிலில் அவள் அம்மா போர்வைக்குள் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் மாட்டினது இந்த ரூம் கதவுக்கு மட்டும்தான் மிஸ். நான் வேலைக்குப் போனதும் ஐயா பல்பு பாக்குறேன்னு உள்ள வந்து அம்மாவை எழுப்புவாரு. ஒரு நாள் டேப்போட வந்து ரூமை அளந்தாரு."

"சட்டை தைக்கவா?" என்றான் றொனால்ட்.

"மலைக்கு யாத்திரை போற ஆக்கள் தங்குறதுக்குண்ணே. சீசனுக்கு இந்த ஒரு ரூமுலயே ஆறு கட்டில் போடலாமாம்."

"லொக் மாட்டுறதுக்கு முந்தி சொன்னீங்களா?" என்றாள் யூஜினா.

"தெரேசா அம்மாகிட்ட கேட்டுத்தான் மாட்டுனேன். ஒரு சாவியும் குடுத்தேன். வீடு அவங்களோட சீதனம், அவங்க பேருலதான் இருக்கு. பேசுறது மட்டும் ஐயா."

"உள்ள இருந்து சாவி இல்லாம திறக்குமா?"

ஜெனிதா குமிழைத் திருகினாள். கதவு திறந்தது.

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. கேட்டு மாட்டணும், வீட்டுக்காரங்களுக்கு ஒரு சாவி குடுக்கணும், அவசரத்துக்கு உள்ள இருக்கிறவங்க சாவி தேடக்கூடாது. அவ்வளவுதான். உங்களை வெளிய போடணும்னா அவரு கோர்ட்டுக்குப் போகணும். கோர்ட்டுன்னா வருசக்கணக்கு. நெருப்புன்னா ஒரு பின்னேரம் போதும். அதான் அவசரப்படுறாரு."

"பின்கதவுப் பக்கம் நாங்க போனதே இல்ல மிஸ். படி வழுக்கும்னு சொன்னாங்க. அது பூட்டியிருக்கான்னுகூடத் தெரியாது." ஜெனிதா பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள். "எங்களுக்குத் திரும்பிப் போகவும் இடமில்ல. பொகவந்தலாவையில தம்பி குடும்பமே தோட்டத்து லயத்துல ஒரே காம்பராவுல கால் நீட்ட முடியாம கிடக்கு. டிசம்பர்லதான் இங்க வந்தோம். அம்மா இப்பதான் ராத்திரியில தூங்குறாங்க."

"பையை இப்ப கட்டாதீங்க," என்றாள் யூஜினா. "றொனால்ட், உன் சுண்டுவிரலைக் கொண்டு வா."

"தனியாவா அக்கா?"

முதலில் ஜெனிதாவின் அறைக் கதவைச் சாத்தினாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் றொனால்டின் நகம்கூடப் போகவில்லை. பிறகு நடை முடிவில் இருந்த பின்கதவுக்குப் போனாள். அதே மரம், அதே மாதிரிப் பூட்டு, உள்பக்கம் குமிழ் மட்டும் இல்லை. பூட்டு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நாக்கு நிலையில் முட்டுகிற வரை கதவைத் தள்ளி, இடைவெளியைக் கணக்குப் பார்த்தாள். றொனால்டின் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. முழுசாகச் சாத்தினாலும் அந்த நாக்கு நிலைக்குள் நகக்கண் அளவுதான் நுழையும். கதவின் ஓரத்தில் பெயின்ட் இல்லை, வெறும் மரம் தெரிந்தது.

"அதான் ஒரே உதையில திறந்துச்சு!" என்றார் பின்னாலேயே வந்த லியனார்ட், மகிழ்ச்சியாக.

"ஆமா ஐயா. தெளிவாத் தெரியுது," என்றாள் யூஜினா. அந்தக் குரலை றொனால்டுக்குத் தெரியும். பொலிசில் பொய்களை மொழிபெயர்த்த குரல்.

கீழே இறங்கியதும் கேட்டாள். "உன் வீட்டுக் கதவு மழைக்கு என்ன ஆகும்?"

"ஊதிரும். சாத்த முடியாது. போன வருசம் ஆத்திரத்துல ஓரத்தை இழைச்சுத் தள்ளிட்டேன். இப்ப வெயிலுக்குச் சுருங்கி, பூனை கதவைத் திறக்காமலே உள்ள வருது. எங்க வீட்டுக்காரி இன்னும் பேசிக்கிட்டு இருக்கா."

"நம்ம ஊர்ல எல்லாரும் ஒரு தடவையாவது செய்யிற பைத்தியக்காரத்தனம் அது. அந்தப் பின்கதவுக்கும் அதேதான் நடந்திருக்கு. ஊதின கதவை இழைச்சு, ஊதின அளவுக்கே பூட்டை மாட்டியிருக்காங்க. ஜனவரி வெயில்ல மாட்டின பூட்டுன்னா இந்த வெயிலுக்குக் கச்சிதமா நிக்கணும். ஜெனிதாவோடது நிக்குது. இது லொடலொடங்குது."

"அப்ப மழையில மாட்டினது! அவங்க வந்ததே டிசம்பர்ல!" றொனால்ட் ஆட்டோவைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது. லியனார்ட் ஐயாதான்."

"மாட்டினது யாருன்னு கதவு சொல்லல்லையே. நீ பஜாருக்கு விடு."

பஜாரில் சாமான்கடை வாசலில் இர்ஷாத் சாவி வெட்டிக்கொண்டிருந்தான். உள்ளே கல்லாவில் அவன் வாப்பா. யூஜினா போனில் எடுத்த பூட்டின் படத்தைக் காட்டினாள்.

"இதா? எங்க கடை லொக்தான் மிஸ். ஹட்டன்ல பாதி வீட்டுல இதுதான் தொங்குது. யாரு வாங்கினாங்கன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

"வாங்கினவங்களை விடுங்க. மழைக்காலத்துல இதே லொக்குக்குச் சாவி வெட்ட யாராவது வந்தாங்களா? கொஞ்சம் ஒரு மாதிரியா?"

இர்ஷாத் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடித்து, பலகைக்கு அடியிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்தான்.

"வேடிக்கைக்குன்னு வச்சிருக்கேன். வாற ஆளுக்கெல்லாம் காட்டுவேன்."

பிரித்தான். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கட்டிச் சவர்க்காரம். நடுவில் ஒரு சாவியின் பள்ளம், பல் பல்லாக. ஓரத்தில் இரண்டு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. தார் மாதிரி ஒரு வாசனை.

"சாவியைக் கொண்டுவர ஏலாதாம். அதனால இதுல பதிச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்காரு மனுசன். குரங்குத் தொப்பி, மூஞ்சியில மாஸ்க், கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது."

"சவக்காரத்துல சாவி வந்தா, கேள்வி கேக்காம வெட்டிக் குடுத்துர்றதா?"

"கேட்டேன் மிஸ்! சொந்த வீட்டுக் கதவுதான் தம்பின்னாரு. சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. பாவமா இருந்துச்சு."

றொனால்ட் சவர்க்காரத்தை மூக்கருகே கொண்டுபோனான். உறையில்லாத அந்தக் கட்டியின் முதுகில் ஒரு நாய்த் தலை அச்சடித்திருந்தது.

"அக்கா! மேஜர் தின்ன சவக்காரம்!"

"பல்லே படாம தின்னிருக்கான் பாரு. சாதுவான நாய்தான்."

"நான்தான் முதல்லயே சொன்னேனே, லியனார்ட் ஐயான்னு! சாவி அவர்கிட்ட. பூட்டு அவரோடது."

யூஜினா சவர்க்காரத்தைத் திரும்பச் சுற்றினாள். "ஏன் றொனால்ட், உன் ஆட்டோச் சாவியை நீ சவக்காரத்துல பதிச்சு எடுப்பியா?"

"நான் ஏன் எடுக்கிறேன்? என் ஆட்டோதானே."

"அதான் கேக்குறேன். சொந்தமா மாட்டின பூட்டுக்கு எவனாவது களவாச் சாவி எடுப்பானா?"

றொனால்ட் வாயைத் திறந்தான். அதிசயமாக, ஒன்றும் வரவில்லை.

பின்னேரம் அவர்கள் திரும்பிப் போனபோது நகரசபை அதிகாரி நிலக்ஷி மாடி நடையில் நின்று எழுதிக்கொண்டிருந்தாள். சின்ன வயசு, பெரிய சப்பாத்து. ஜெனிதா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். தெரேசா எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டு வந்தாள். ஜெனிதாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. லியனார்ட் மட்டும் வெள்ளைக் காற்சட்டையில், பரிசு வாங்க வந்தவர் மாதிரி.

"எனக்குத் தமிழ் கொஞ்சம் வரும்," என்றாள் நிலக்ஷி. "நெருப்புக்கு ஓடுற கதவுக்குச் சாவி போட்டது பெரிய பிழை. ஆள் செத்திருக்கலாம். போட்டது இந்த நோனாதானே?"

"அவளேதான் மிஸ்," என்றார் லியனார்ட்.

"எழுதுறதுக்கு முந்தி ஒரு நிமிசம்," என்றாள் யூஜினா. "ஐயா மூணு உயிரைக் காப்பாத்தினவரு. அந்த உதையை மிஸ் ஒரு தரம் பாக்க வேணாமா?"

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு," என்றார் லியனார்ட், காற்சட்டையைத் தூக்கிவிட்டபடி.

யூஜினா கதவைத் தள்ளி நிலையோடு சேர்த்து வைத்தாள். லியனார்ட் பின்னால் போனார், சிலுவை போட்டுக்கொண்டார், ஓடி வந்து உதைத்தார். தடாரென்று ஒரு சத்தம். கதவு இருந்த இடத்திலேயே இருந்தது. லியனார்ட்தான் பின்னால் எகிறிப் போனார், தேநீர்த் தட்டு வரைக்கும்.

"ஐயா," என்று அவரைத் தூக்கிவிட்டான் றொனால்ட். அவனுக்கு இப்போதுதான் விளங்கிற்று. விளங்கியதும் வாயும் திரும்பி வந்துவிட்டது. "இது உள்பக்கமா இழுத்துத் திறக்கிற கதவு ஐயா. உள்ள நின்னு உதைச்சா இறுகத்தான் செய்யும். உலகத்துலயே இழுக்கிற கதவை உதைச்சுத் திறந்த மொத ஆளு நீங்கதான்."

"அப்ப... புகையில ஞாபகமில்ல... இழுத்திருப்பேன்."

"பூட்டின கதவையா? காலாலயா?"

தெரேசா கணவனைப் பார்த்தாள். "உதைச்ச சத்தம் கேக்கலையேன்னு நான் அன்னைக்கே நினைச்சேன். புகையில காது அடைச்சிருச்சாக்கும்னு விட்டுட்டேன்."

யூஜினா கடதாசியைப் பிரித்து, சவர்க்காரத்தைத் தேநீர்த் தட்டில் வைத்தாள். படியில் படுத்திருந்த மேஜர் மோப்பம் பிடித்து எழுந்தான். குளிக்க வைக்கப்போகிறார்கள் என்று நினைத்து வாலை இடுக்கிக்கொண்டு கீழே ஓடிவிட்டான்.

"இது... மேஜரோட சவக்காரம்," என்றாள் தெரேசா.

"மேஜர் தின்ன சவக்காரம்," என்றான் றொனால்ட்.

தெரேசா குனிந்து அந்தப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையைத் திறந்தாள். செபமாலை வந்தது, இருமல் மிட்டாய் வந்தது, கடைசியில் புகை படிந்து கறுத்த ஒரு சாவி வந்தது. அதைப் பள்ளத்தில் வைத்தாள். தொட்டிலில் பிள்ளை மாதிரிப் போய்ப் படுத்துக்கொண்டது சாவி.

நடையில் யாரும் மூச்சு விடவில்லை. பின்னறையில் ஜெனிதாவின் அம்மாவைத் தவிர. அவளுக்கு மூச்சு இழுப்புதானே வியாதி.

"பூட்டுப் போட்டது நீங்களா அம்மா?" என்றாள் நிலக்ஷி.

"நான்தான் மிஸ்." தெரேசா நிமிர்ந்தாள். "நான் முன்பக்கம் செபமாலை சொல்லிக்கிட்டு இருப்பேன், இவரு பின்படியால இறங்கித் தவறணைக்குக் குடிக்கப் போயிருவாரு. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. போன மழையில இவரு கினிகத்தேனையில ஒரு சாவீட்டுக்குப் போயிருந்தாரு. அன்னைக்கு தச்சு வேலை பாஸைக் கூப்பிட்டு, கதவை இழைச்சு லொக்கை மாட்டிட்டேன். மழை விட்டப்புறம் மாட்டலாம்னு பாஸ் சொன்னாரு. மழை விடுற வரைக்கும் இவரு விட மாட்டாரேன்னு நான்தான் அவசரப்படுத்தினேன். அதுக்கப்புறம் தவறணைக்கே போறதில்ல. திருந்திட்டாருன்னு அந்தோனியாருக்கு மெழுகுதிரியெல்லாம் வச்சேன்!"

"மெழுகுதிரி வச்சதும் நெருப்பு ஆபத்துத்தான்," என்று முணுமுணுத்தான் றொனால்ட்.

"நெருப்பு வந்த அன்னைக்குச் சாவி சமையலறை ஆணியில தொங்கிச்சு. என்னால மூணு பேரும் சாகப்போறோம்னு நினைச்சேன். அப்ப இவரு உதைச்சுத் திறந்துட்டேன்னாரு. கடவுளே வந்த மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பிறகு ஜெனிதாதான்னு இவரு சொன்னப்ப..." தெரேசாவின் குரல் தாழ்ந்தது. "எனக்கு வெக்கம். பயம். வாயைத் திறக்கல. கோயில்ல இந்தப் பிள்ளையோட அம்மா பக்கத்துலதான் உக்காருறேன். பூசையில சமாதானம் சொல்லக் கை குடுக்கையிலகூடச் சொல்லல. பிழை என்னோடது பிள்ளை."

ஜெனிதா அழுகையை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று றொனால்டுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

"அப்ப ஐயா," என்றாள் யூஜினா, "சாவி கையில இருந்துச்சு, சாவியாலதான் திறந்தீங்க. சாவின்னு சொன்னா தவறணை தெரிஞ்சிரும். உதைன்னு சொன்னா ஃபாதர் பாராட்டுவாரு. பழியை இந்தப் பிள்ளை தலையில போட்டா ஆறு கட்டிலும் போடலாம். பிறகு நாக்கைத் திரும்ப வெளிய தள்ளி வச்சிட்டீங்க, உதைச்ச மாதிரித் தெரியணும்னு."

லியனார்ட் தன் சப்பாத்தைப் பார்த்தார். "காப்பாத்தினது நான்தானே?" என்றார், மெல்ல.

"காப்பாத்தினது தவறணை," என்றான் றொனால்ட்.

நிலக்ஷி எழுதிய கடதாசியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள். அந்தப் பூட்டு இன்றைக்கே கழற்றப்பட வேண்டும். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும். உள்ளே இருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் மேல் பிழை இல்லை.

"அவங்க இருக்கலாமா?" என்று கேட்டான் றொனால்ட்.

"அதை என்கிட்ட கேளுங்க," என்றாள் தெரேசா. "வீடு என் பேருல. இருக்காங்க. அந்த டேப்பையும் எடுத்து நெருப்புல போடுறேன்."

"நெருப்பு வேணாம் அம்மா," என்றாள் நிலக்ஷி அவசரமாக.

உள்ளே ஜெனிதா பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். துணிகள் எல்லாம் அவள் அம்மாவின் காலடியில் விழுந்தன.

றொனால்ட் ஆட்டோவிலிருந்து திருப்புளியைக் கொண்டு வந்து பூட்டைக் கழற்றினான். தெரேசா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல லொக். வீணாப் போகக்கூடாது. இதை முன்கதவுக்கு மாட்டுவியா தம்பி? இப்பவே?"

"அம்மா, சாவி இல்லாம உள்ள இருந்து..." என்று தொடங்கினாள் நிலக்ஷி.

"முன்கதவுல குமிழ் இருக்கு மிஸ், அதை இதுக்கு உள்பக்கம் மாட்டிக்கலாம். இவரு களவா வெட்டின சாவியைப் பிடுங்கி அந்தப் பிள்ளைக்குக் குடுப்பேன். இவருக்கு மட்டும்தான் இல்ல."

"குடியிருக்கிற ஆளை வெளிய வச்சுப் பூட்ட முடியாதே அம்மா. கோர்ட் வேணும்."

"குடியிருக்கிறவங்கன்னா வாடகை குடுக்கிறவங்கதானே மிஸ்? இவரு என்னைக்குக் குடுத்தாரு?"

நிலக்ஷி யூஜினாவைப் பார்த்தாள். யூஜினா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு யாரும் தேடவில்லை.

பொழுது சாயும்போது முன்கதவு சாத்திக்கொண்டது. வெயிலுக்கு மாட்டிய பூட்டு, கச்சிதமாக 'டக்' என்றது. வாசல் படியில் லியனார்டும் மேஜரும் நின்றார்கள். ஒரு நிமிடத்தில் கதவு மறுபடி திறந்தது.

"மேஜர், நீ உள்ள வா," என்றது தெரேசாவின் குரல்.

மேஜர் உள்ளே போனான். 'டக்.'

யூஜினா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். றொனால்ட் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"ஐயா, தவறணைப் பக்கமா விடவா?"

லியனார்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லாட்டி ஒண்ணு செய்யுங்க ஐயா. இதுவும் உள்பக்கம் திறக்கிற கதவுதான். நீங்க நிக்கிறதும் சரியான பக்கம்." றொனால்ட் கியரைப் போட்டான். "இப்ப உதைச்சீங்கன்னா திறக்கும்!"